கேரண்டியா, வாரண்டியா?

அன்புள்ள பாஸ்கரா,

இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, சின்னவன் வழக்கம்போல கிரிக்கெட்டே கதி என்று கிடக்கிறான்.

சரி, உன் இன்வெர்ட்டர் பேட்டரி விஷயம். "கார்டில் வாரண்டி என்றுதான் இருக்கிறது, கேரண்டி இல்லை, மாற்றித் தர மாட்டோம்" என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். இங்கே ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் அதே பாடம்தான்: கேரண்டின்னா மாத்திக் கொடுப்போம், வாரண்டின்னா ரிப்பேர் பண்ணிக் கொடுப்போம். வியாபாரத்துக்கு அது சௌகரியம், ஆனால் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை.

1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் கேரண்டி என்பது பொருளைப் பற்றியதே இல்லை, ஆளைப் பற்றியது. உன் மச்சான் பைக் லோனுக்கு, அவன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டாயே (வேண்டாம் என்று அப்போதே சொன்னேன்), அதுதான் அசல் கேரண்டி. கடன் கொடுத்தவர், வாங்கியவர், நடுவில் மாட்டிக்கொண்ட நீ என்று மூன்று பேர். வாரண்டி, 1930ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தில் வருகிறது. விற்பவர் பொருளைப் பற்றித் தரும் துணை உறுதிமொழி அது, மீறினால் நஷ்டஈடு கேட்கலாம், ஆனால் அதை மட்டும் காட்டிப் பொருளையே வேண்டாம் என்று திருப்பித் தர முடியாது. திருப்பித் தரும் உரிமை வருவது ஒப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனையை மீறினால்தான்.

வேடிக்கை என்னவென்றால் கேரண்டி, வாரண்டி என்ற இரண்டு சொல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பழைய பிரெஞ்சில் வட்டாரத்துக்கு ஒரு உச்சரிப்பு, ஆங்கிலேயர்கள் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் guard, ward என்று இரண்டு சொல் வந்ததும் இப்படித்தான்.

உனக்கு இதெல்லாம் எதற்கு? கார்டின் தலைப்பை விட்டுவிட்டு உள்ளே பொடி எழுத்தைப் படி. பேட்டரி கார்டில் பெரும்பாலும் முதல் இத்தனை மாசம் இலவசமாக மாற்றித் தருவோம், அப்புறம் இத்தனை மாசம் புரோ ராட்டா, அதாவது பயன்படுத்திய காலத்துக்கு ஏற்றபடி தள்ளுபடி, என்று இருக்கும். முதல் கட்டத்துக்குள் செத்திருந்தால் மேலே வாரண்டி என்று இருந்தால் என்ன, மாற்றித்தான் ஆகணும். முரண்டு பிடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடு. அப்படியும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, பழுது நீக்கு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பு என்று எதையும் உத்தரவிட 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. 2 வருஷத்துக்குள் போகணும், அதுதான் முக்கியம்.

பில்லையும் கார்டையும் முதலில் போட்டோ எடுத்து அனுப்பு, கடையில் சீல் போட்டு தேதி எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கிறேன்.

உன்,
குமார்