மீன்தொட்டி ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. மழையால் தள்ளிப்போன கூட்டத்தையும் பிறகு நடத்திவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது ஒரே வேலை: முதன்முதலாக வீட்டில் நீர்ச்செடிகளோடு மீன்தொட்டி வைப்பவர்களுக்குத் துணை நிற்பது. ஆகவே அதைப் பற்றி விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நாம் இருப்பது கொளத்தூர். வண்ணமீன் வாங்க வெளியூர்களிலிருந்தெல்லாம் வருகிற இடம். தொட்டி, கல், செடி, மீன், தீனி எல்லாம் ஒரே தெருவில், ஒரே மாலையில் கிடைத்துவிடும். அந்த வசதியே புதியவர்களுக்கு வினையாகவும் முடிகிறது. மாலையில் வாங்கி, இரவே தண்ணீர் ஊற்றி, மீனையும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கின்றன. பிள்ளைகள் அழுகிறார்கள். தொட்டி மொட்டை மாடிக்குப் போகிறது. நம் கைராசி சரியில்லை என்று முடிவுகட்டிய பிறகுதான் பலர் நம்மிடம் வருகிறார்கள். அதற்கு முன்பே அவர்களைச் சந்திக்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம்.

காரணம் கைராசி இல்லை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அந்த அளவுக்குத் தீங்கு செய்யாது, செடிக்கு உரமாகவும் ஆகும். இந்த பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் தாமாகப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் பகுதி போர் தண்ணீரில் பிஎச் (அமில-கார அளவு) 8-ஐ ஒட்டி இருக்கும் வீடுகள் உண்டு. பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. வேறு ஊர்க்காரர் எழுதியதைப் படித்துவிட்டு இங்கே தொட்டி வைப்பவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

எனவே நாம் வகுத்த முறை: முதலில் செடி, கடைசியில் மீன். பெயர் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்துத் தெருவில் வசிக்கும் மூத்த உறுப்பினர் ஒருவரைத் துணையாக அமர்த்தினோம். தொட்டி இரண்டடிக்கு ஒரு அடி. அதைவிடச் சிறிய கிண்ணங்களை வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னோம். தண்ணீர் குறைந்தால் சூடும் கழிவும் சட்டென்று ஏறிவிடும். ஒரு அடி உயரத்துக்கு நிரப்பினாலே தண்ணீர் மட்டும் 56 கிலோவைத் தாண்டும். ஆகவே மேசையின் காலையும் ஆட்டிப் பார்த்த பிறகே இடம் குறித்தோம். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தைத் தவிர்த்தோம்.

அடியில் சலித்த தோட்டமண் ஒரு விரற்கடை. அதன்மேல் நன்றாகக் கழுவிய ஆற்று மணல், மண் தெரியாத அளவுக்கு. மணலில் கிளிஞ்சல் கலந்திருக்கிறதா என்று அறிய எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கச் சொன்னோம். நுரைத்தால் கிளிஞ்சல் இருக்கிறது, அது தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்பின் அளவை, கூட்டும். தண்ணீர் ஊற்றும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெதுவாக ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் வாய் திறந்த வாளியில் வைத்தாலே பெரும்பகுதி போய்விடும். குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின் கலந்திருந்தால் அப்படிப் போகாது, அதை நீக்கும் மருந்து விட்டாக வேண்டும்.

செடிகளில் நாம் பரிந்துரைத்தவை வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, நீர்ப்பிரம்மி, ஜாவா பாசி, அனுபியாஸ், கிரிப்டோகோரைன். நீர்ப்பிரம்மி நம் வயலோரச் செடி. கிரிப்டோகோரைன் வென்ட்டி இலங்கை ஓடைகளில் வளர்வது. அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்கச் செடி. அதன் தடித்த கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும், கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்ட வேண்டும். பூந்தொட்டிச் செடி போல நட்டு இழந்தவர்கள் நிறைய.

அதிகம் வந்த தொலைபேசி அழைப்பு இதுதான்: “சார், நட்ட பத்தாம் நாளே இலையெல்லாம் கரையுது, பிடுங்கிப் போட்டுடவா?” வேண்டாம். நாற்றுப் பண்ணைகளில் பல செடிகளை ஈரக் காற்றில், தண்ணீருக்கு மேலே வளர்க்கிறார்கள். நீருக்குள் வந்ததும் பழைய இலைகள் மடிந்து, நீருக்கேற்ற புது இலைகள் வருகின்றன. கிரிப்டோகோரைன் இடம் மாற்றினாலே இப்படிச் செய்யும். வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தால் செடி பிழைத்துவிடும். அழுகிய இலையை மட்டும் எடுத்துப் போடுங்கள்.

விளக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். அழகுக்காக நள்ளிரவு வரை எரியவிட்ட வீடுகளில் பாசி கண்ணாடியை மூடியது. டைமர் போட்ட வீடுகளில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கலாமா என்று பலர் கேட்டார்கள். மேலே சொன்ன செடிகளுக்கு அது தேவையில்லை. அந்தப் பணத்தில் அம்மோனியா சோதனைச் சொட்டு மருந்து வாங்குங்கள் என்பதே சங்கத்தின் பதில்.

இனி, இந்த ஆண்டின் முக்கியமான முயற்சி: பஞ்சு வங்கி. மூத்த உறுப்பினர்கள் ஓடிக்கொண்டிருக்கும் தம் தொட்டியில் கூடுதலாக ஒரு பஞ்சு ஃபில்டரைப் போட்டு வைக்கிறார்கள். புதியவர் தொட்டி வைக்கும் நாளில் அந்த ஊறிய பஞ்சை ஈரம் காயாமல், நோயில்லாத தொட்டியிலிருந்து என்று உறுதிசெய்து, கொண்டுபோய்க் கொடுக்கிறோம். உறைமோர் போல அது வேலை செய்கிறது. பாக்டீரியா ஏற்கெனவே அதில் குடியிருப்பதால் காத்திருக்கும் காலம் நன்றாகக் குறைகிறது. ஆனாலும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டும் வரை மீன் விடக் கூடாது என்ற விதியை யாருக்காகவும் தளர்த்தவில்லை. பஞ்சைக் குழாயடியில் பிழியக் கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் அலச வேண்டும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொன்னோம். இவ்வளவு செலவில்லாத, இவ்வளவு பயனுள்ள உதவியை நம் சங்கம் இதற்கு முன் செய்ததில்லை என்பது என் உறுதியான கருத்து.

மீன் தேர்வில், போர் தண்ணீருள்ள வீடுகளுக்குக் கப்பி, மோலி, பிளாட்டி என்று சொன்னோம். அவை கடினநீரை விரும்புபவை. நியான் டெட்ரா மென்னீர் மீன். அதைக் கேட்ட பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்வது கடினமாகத்தான் இருந்தது. ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். இரண்டடித் தொட்டியில் அதற்கு வாழ்வில்லை, செடிகளையும் பெயர்த்துவிடும். உறுப்பினர் ஒருவர் மிஸ் கேரளா மீனைப் பற்றிக் கேட்டார். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளுக்கே உரிய அந்த மீன், தொட்டி வணிகத்துக்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்டு அழிவின் விளிம்புக்குப் போன இனம். பண்ணையில் பொரித்தது என்று தெரிந்தாலன்றி வாங்குவதில்லை என்று கூட்டத்தில் ஒருமனதாக முடிவெடுத்தோம். தாமிரபரணிக்கே உரிய கெண்டை இனத்துக்கும் இது பொருந்தும்.

கோடையில் பல வீடுகளில் தொட்டி நீர் 32 டிகிரியைத் தாண்டியது. 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 32 டிகிரியில் சுமார் 7.3 தான். மூடியைத் திறந்து நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி ஓடவிட்டதில் இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. ஆவியாகும் தண்ணீரை மட்டும் தினமும் ஈடுகட்ட வேண்டும். ஐஸ் கட்டி போடுவதை நிறுத்தச் சொன்னோம். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் சிலவற்றைச் சங்கம் வாங்கி, இரவல் கொடுக்கிறது. வாங்கியவர்கள் திருப்பித் தந்தால் அடுத்தவருக்கு உதவும்.

செடிப் பரிமாற்றம் நன்றாகக் களைகட்டியது. கத்தரித்த தண்டுகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து இலவசமாகக் கொடுத்தவர்களுக்கு நன்றி. நத்தை முட்டை வராமல் இருக்க, வாங்கிய செடியைச் சில நாள் தனி வாளியில் வைத்துப் பாருங்கள்.

இதில் ஒரு வேண்டுகோளை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மிஞ்சிய செடியையோ வளர்ந்துவிட்ட மீனையோ ரெட்டேரியிலும் கால்வாயிலும் விடாதீர்கள். ஆகாயத்தாமரை அழகுச் செடியாகத்தான் இந்த நாட்டுக்குள் வந்தது. நம் ஏரிகளில் வலைபோடுபவர்கள் வலையில் டேங்க் கிளீனர் சிக்குகிறது. விற்கவும் முடியாது, வலையும் கிழிகிறது. செடியை வெயிலில் காயவைத்து எருவில் போடுங்கள். மீனைச் சங்கத்திடம் கொடுங்கள், வேறு தொட்டி தேடித் தருகிறோம்.

அடுத்த ஆண்டுக்கு நிர்வாகக் குழு இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறது. ஒன்று, பஞ்சு வங்கியில் மூத்த உறுப்பினர் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு பஞ்சு வைத்திருக்க வேண்டும். இரண்டு, மீன் கடைக்காரர்களை நேரில் பார்த்து, முதல் தொட்டி வாங்குகிறவரிடம் “மீனை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லும்படி கேட்டுக்கொள்வது. அவர்களுக்கு அன்றைய வியாபாரம் குறையலாம். தொட்டி நிலைத்தால் அதே வாடிக்கையாளர் பல ஆண்டு வருவார். இதைப் பேசிப் புரியவைக்கக் கடைத்தெருவில் பழக்கமுள்ள உறுப்பினர்கள் முன்வர வேண்டும்.

கூட்டத்துக்கு இடம் தந்த குடியிருப்போர் நலச்சங்கத்தாருக்கும், மாலை நேரத்தில் வீடு வீடாகச் சென்ற துணை உறுப்பினர்களுக்கும், அவர்களுக்குத் தேநீர் தந்து உபசரித்த இல்லத்தாருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையையும் இரு தீர்மானங்களையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்