பெருக்காமலே சைன் காணும் வழி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கவிதாவுக்கு வரன் அமைந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் ஏக சந்தோஷம். ஆவணியில் கல்யாணம் என்றால் தேதியை இப்போதே சொல்லிவிடு, லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நான் பம்ப் மோட்டார் கண்ட்ரோல் போர்டு வேலையில் மூழ்கிக் கிடக்கிறேன்.

“இன்றைக்குச் சிப்பில் பெருக்கல் சர்க்யூட் கொட்டிக் கிடக்கிறது, பழைய கணக்கு வித்தையெல்லாம் இனி எதற்கு?” என்று கேட்டிருந்தாய். என் போர்டில் இருக்கும் எஸ்டிஎம்32ஜி4 சிப்புக்குள் அப்படிப்பட்ட பழைய வித்தை ஒன்று தனி ஹார்டுவேராகவே இருக்கிறது. பெயர் கோர்டிக். மோட்டார் சுற்றச் சுற்ற அதன் கோணத்துக்கு சைனும் காஸும் நொடிக்குப் பல ஆயிரம் தடவை வேண்டும். அதைக் கொடுப்பது இதுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜாக் வோல்டர். அமெரிக்காவில் கான்வேர் விமானக் கம்பெனி இன்ஜினீயர். பி-58 குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டும் கருவியில் அனலாக் முறையை எடுத்துவிட்டு டிஜிட்டலைக் கொண்டுவர முயன்றார்கள். அன்றைய சர்க்யூட்டில் பெருக்கல் என்பது யானை விலை. வோல்டர் 1956-ல் வழி கண்டார், 1959-ல் கட்டுரையாக வெளியிட்டார்.

வழி இதுதான். படுத்திருக்கும் ஒரு கோட்டை 30 டிகிரி திருப்ப வேண்டும். கோட்டின் முனை வலப்பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது எக்ஸ், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஒய். கோட்டின் நீளம் 1 என்றால், திருப்பி முடித்ததும் எக்ஸ்தான் காஸ், ஒய்தான் சைன். ஒரேயடியாகத் திருப்பாமல் 45, 26.565, 14.036, 7.125 என்று குறைந்துகொண்டே போகும் கோணங்களால் திருப்புகிறோம். குறியைத் தாண்டினால் அடுத்த தடவை பின்னால், எட்டாவிட்டால் முன்னால். இந்தக் கோணங்களின் டேன் மதிப்பு 1, 1/2, 1/4, 1/8. ஆகவே ஒவ்வொரு படியிலும் எக்ஸை இரண்டின் அடுக்கால் வகுத்து ஒய்யோடு கூட்ட வேண்டும் அல்லது கழிக்க வேண்டும், ஒய்யை அதேபோல எக்ஸோடு. பைனரியில் இரண்டால் வகுப்பது பிட்டுகளை வலப்பக்கம் நகர்த்துவதுதானே! பெருக்கலே கிடையாது.

ஒரு சிக்கல் உண்டு. இப்படித் திருப்பும்போது கோடு ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நீண்டுவிடும். வோல்டரின் மேதைமை இங்கேதான் இருக்கிறது என்பேன். எந்தப் படியையும் விடக் கூடாது, முன்னாலோ பின்னாலோ திருப்பியே ஆக வேண்டும் என்று வைத்துவிட்டார். அதனால் எந்தக் கோணமானாலும் மொத்த நீட்சி ஒன்றே, 1.6468 மடங்கு. தொடங்கும்போதே எக்ஸை 0.6073 (1-ஐ 1.6468-ஆல் வகுத்தது), ஒய்யை 0 என்று வைத்துவிட்டால் தீர்ந்தது. 30 டிகிரிக்குப் போட்டுப் பார்த்தேன். ஒய் இப்படி வந்தது: 0.6073, 0.3037, 0.5314, 0.4270, 0.4833, 0.5106, 0.4972. சைன் 30 ஆன 0.5-ஐ இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி வருகிறது பார்!

1971-ல் எச்.பி. கம்பெனியின் ஜான் வால்தர் இதே சமன்பாட்டைச் சற்று மாற்றினால் லாகரிதம், அடுக்குக்குறி, வர்க்கமூலம் எல்லாம் வரும் என்று காட்டினார். அடுத்த வருஷம் வந்த எச்.பி.-35 கால்குலேட்டர், பதின்ம எண்ணுக்கு ஏற்ப மாற்றிய இதே முறையில்தான் சைன் போட்டது. 1980-ல் இன்டெல் 8087 என்ற கணக்குச் சிப்புக்குள்ளும் போனது. உன் பக்கமும் நியாயம் உண்டு: பெருக்கல் மலிவானதும் 1993-ன் இன்டெல் பென்டியம் சிப் இதைக் கைவிட்டுப் பல்லுறுப்புக் கோவைக்கு மாறியது. ஆனால் சின்னச் சிப்பில் இடமும் மின்சாரமும் இன்றும் காசுதான், சேகர். அங்கே இதற்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கும்.

60 டிகிரிக்கு நீ பேப்பரில் போட்டுப் பார். எந்தப் படியில் முதல் தடவை பின்னால் திரும்புகிறது என்று எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு