பூசாத சுவர்

நியூ ஹேவன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய படத்தைப் பார்த்து, "இன்னும் பூச்சு வேலை முடியலையா?" என்று கேட்டீர்களாம். அம்மா சொன்னாள். முடிந்து 70 வருஷத்துக்கு மேல் ஆகிறது அப்பா. அது யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம், 1953இல் திறந்தது. பிளான் போட்டவர் லூயி கான். நம் அகமதாபாத் ஐ.ஐ.எம்.கூட அவருடையதுதான்.

வேண்டுமென்றேதான் பூசாமல் விட்டிருக்கிறார். மாடிப்படி ஒரு பெரிய கான்கிரீட் உருளைக்குள் முக்கோணமாகத் திரும்பித் திரும்பி ஏறுகிறது. உறைகிணற்றுக்குள் படி கட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் முழுக்க, கான்கிரீட் வார்க்க அடைத்த சென்ட்ரிங் பலகையின் ரேகை. பலகை இடுக்கில் சிமெண்ட் பால் கசிந்து இறுகிய கோடுகூட அப்படியே நிற்கிறது. நீங்களாக இருந்தால் சென்ட்ரிங்காரரைத் திட்டிவிட்டு அன்றைக்கே கொத்திப் பூசியிருப்பீர்கள். காவலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் விரலால் தடவிப் பார்த்தேன்.

கூரையில் ஃபால்ஸ் சீலிங் கிடையாது. தளத்தின் அடிப்பக்கமே முக்கோண முக்கோணமாகக் குழிந்திருக்கிறது. வயரும் காற்றுக் குழாயும் அதற்குள்ளேயே ஓடுகின்றன.

தெருவுக்கு அந்தப் பக்கம் அவர் கடைசிக் காலத்தில் வரைந்த பிரிட்டிஷ் கலை மையம். 1974இல் அகமதாபாதிலிருந்து திரும்பும்போது நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்துபோனார்; மற்றவர்கள் முடித்து 1977இல் திறந்தார்கள். வெளியே மங்கிய எஃகுத் தகடு. மழை நாளில் பார்த்தால் தகரக் கொட்டகைதான், பொய் சொல்லவில்லை. உள்ளே போனால் நாலு மாடி உயரத்துக்கு ஒரு முற்றம், மேலே கண்ணாடி. கான்கிரீட் தூண்களுக்கு நடுவில் ஓக் பலகை அடைத்திருக்கிறார்கள். மேகம் நகர நகர மரத்தின் நிறம் மாறுகிறது. இரண்டு இடத்திலும் டிக்கெட் இல்லை, ஹீட்டர் உண்டு. பனிக்காலத்தில் என் ஞாயிற்றுக்கிழமைகள் இங்கேதான் கழிகின்றன.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. யேல் என்பது எலிஹூ யேல். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் கவர்னர். 1718இல் அவர் கொடுத்த சரக்கு மூட்டைகளை விற்று 562 பவுண்டு கிடைத்தது, கல்லூரிக்கு அவர் பெயரே வந்துவிட்டது. பிரிட்டிஷ் கலை மையத்தின் வசமுள்ள, அவரை வரைந்த ஓவியமொன்றில் ஓரமாக ஓர் அடிமைச் சிறுவன், கழுத்தில் உலோக வளையத்தோடு.

முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? மாடிப்படிச் சுவரைக் கிட்டத்தில் எடுத்த படம் இதோடு வைத்திருக்கிறேன். எங்காவது கான்கிரீட் சரியாக இறங்காமல் பொத்தல் பொத்தலாகத் தேன்கூடு விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அன்பு மகள்