வின்னிப்பெக்கில் நிற்கும் வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

கல்கரியில் நீ வாங்கியிருக்கும் புதுக் காருக்கு என்று அனுப்பிய 17 எழுத்து வண்டி எண்ணை என் பழைய வேலைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 2-இல் தொடங்குவதால் கனடாவிலேயே செய்த வண்டி என்று அம்மாவிடம் சொன்னேன். "இவனும் அந்த ஊர்க்காரனாகிவிட்டான்" என்றாள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, முழங்கால் வலியில் பேசுகிறாள்.

ரயிலில் வரும் வண்டி எங்கே என்று தேடினால் ஆறு நாளாக வின்னிப்பெக் என்றே காட்டுகிறது என்று எழுதியிருந்தாய். பதறாதே. ரயில் பெட்டியில் ஒட்டியிருக்கும் பட்டையைத் தண்டவாளத்தோரக் கருவி படித்தால்தான் செய்தி வரும். யார்டில் சும்மா நிற்கும் பெட்டியை எது படிக்கும்? ஒண்டாரியோவிலிருந்து சுப்பீரியர் ஏரிப் பக்கமாக அவ்வளவு தூரம் வந்துவிட்டது. இனி ரெஜைனா, மெடிசின் ஹாட், அப்புறம் கல்கரி. சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கார் இறக்கியவன் சொல்கிறேன், தாமதத்தால் கெட்ட காரை நான் பார்த்ததில்லை. அவசரத்தில் கீறியவைதான் அதிகம்.

அதனால் வண்டியைச் சுற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. யார்டிலிருந்து லாரியில் ஏற்றித்தான் கடைக்குக் கொண்டுவருவார்கள், அங்கேயும் இடிபடலாம். பகல் வெளிச்சத்தில் பார். நீ வெள்ளை நிறம் எடுத்திருக்கிறாய். சக்கரமும் தண்டவாளமும் உரசிப் பறக்கும் இரும்புத் துகள் சாயத்தில் ஒட்டி, பிறகு துருப் புள்ளியாகத் தெரியும். நகத்தால் சுரண்டாதே, அவர்களையே எடுத்துத் தரச் சொல்.

ஆயிரக்கணக்கில் கார் ஓட்டியிருக்கிறேன், ஒவ்வொன்றும் கப்பலிலிருந்து நிறுத்துமிடம் வரை. நம் வீட்டுக்கு முதல் கார் உன்னுடையதுதான். காப்பிக்கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இங்கே வண்டி வைத்திருக்க சிஓஇ என்ற உரிமைச் சான்று எடுத்தால் 10 ஆண்டுதான், முடிந்ததும் மறுபடி பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் வண்டியை விட வேண்டும். அங்கே அப்படிக் கெடு கிடையாதாமே. நீ எத்தனை ஆண்டு வைத்திருப்பதாக இருக்கிறாய்? சும்மாதான் கேட்கிறேன்.

வரும் ஆண்டு உனக்கு 30. அடையாள அட்டையை மாற்றச் சொல்லிக் கடிதம் வருமாம். வந்தால் பிரிக்கட்டுமா, அப்படியே வைக்கட்டுமா? பழைய அட்டையை நீதானே கொண்டுபோனாய்? பத்திரமாக வைத்திரு. அத்தை மகன் குடியுரிமையை விட்டுத் தன்னுடையதைத் திருப்பிக் கொடுத்தபோது அத்தை ஒரு வாரம் சாப்பிடவில்லை. அம்மா அப்படிச் செய்ய மாட்டாள்.

வண்டி இருக்கும் இடத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை அனுப்புகிறாய். நீ சாப்பிட்டாயா என்பதை வண்டி எண்ணை வைத்துத் தேட முடியவில்லை.

இன்னொன்று. அந்த 17-இல் கடைசி நான்கு எண்களைப் புதன்கிழமை நாலு நம்பர் லாட்டரியில் கட்டினேன். விழவில்லை. அம்மா திட்டினாள், திட்டட்டும். ஆனால் கடையில் வரிசையில் நின்றபோது 2011 நினைவுக்கு வந்தது. தஞ்சோங் பகார் ரயில் நிலையம் மூடப்போகிறது, ஒருமுறை ஜொகூர் வரைக்குமாவது ரயிலில் போகலாம் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். தீர்ந்ததா என்று எனக்குத் தெரியாது தம்பி. நான் நிலையத்துக்கே போகவில்லை. அம்மா கொடுத்த டிக்கெட் பணத்தை இதே போல ஒரு வரிசையில் நின்று கட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தேன். பிறகு உன்னைப் புக்கிட் தீமா ரயில் பாலத்தடிக்கு அழைத்துப்போனேன். நீ ரயிலுக்குக் கையசைத்தாய். உள்ளே இருந்த பிள்ளைகளும் உனக்குக் கையசைத்தார்கள். "பரவாயில்லை அப்பா, இங்கேயிருந்தே நன்றாகத் தெரிகிறது" என்றாய். அப்போது உனக்கு 14 வயது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

சுற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. குளிர்கால டயர் வாங்கிவிடு. வண்டி வின்னிப்பெக்கை விட்டதும் தொலைபேசியில் கூப்பிடு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் எடுப்பேன்.

அப்பா