வாயேஜரும் பழைய காகிதங்களும்

நாசாவின் விண்கலமான வாயேஜர்-1 பழுதிலிருந்து மீண்டது பற்றிய தங்கள் தலையங்கம், பழுது நீக்கப்பட்ட விதத்தை இன்னும் சற்று விரித்திருக்கலாம். 1977-இல் ஏவப்பட்ட அக்கலம் 2023 நவம்பரில் பொருளற்ற தரவுகளை அனுப்பத் தொடங்கியபோது, ஒரு கட்டளை போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரமாகும் தொலைவிலிருந்த அதன் நினைவகச் சில்லு ஒன்று பழுதானதைக் கண்டறிந்து, அதிலிருந்த நிரலைத் துண்டுகளாக்கி வேறிடங்களுக்கு மாற்றி, 2024 ஏப்ரலில் நாசா அதை மீட்டது. வடிவமைத்தவர்கள் எழுதிவைத்த பழைய ஆவணங்கள் இல்லையேல் இது எளிதாக இருந்திராது.

நான் பணியாற்றிய தொலைபேசி நிலையத்தில் மின்சுற்றுப் பட நூல்களை எடைக்குப் போட்டுவிட்டதால், ஒரேயொரு மின்சுற்று அட்டையின் பழுதைக் கண்டுபிடிக்க நான்கு நாள்கள் ஆயின. 2022-இல் தொடர்பறுந்த மங்கள்யான் முதலான கலங்களின் வடிவமைப்புக் குறிப்புகளை, ஓய்வுபெற்ற பொறியாளர்களின் நேரடி விளக்கங்களோடு சேர்த்து இஸ்ரோ தொகுத்து வைப்பது நல்லது.

– ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர், மதுரை