மழை பெய்யும் படம்

எட்மன்டன்,
ஜனவரி 18

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு, கணேசன் எழுதிக்கொள்வது. நலம், தங்கள் நலமும் சித்தி நலமும் அறிய ஆவல்.

தங்கள் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. உடனே பதில் எழுதாததற்குச் சொல்லும்படியான காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. இரவு வேலையை நானே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். டிசம்பரில் இங்கே சூரியன் எட்டேமுக்காலுக்கு எழுந்து நாலேகாலுக்கு அடைந்துவிடுவதால், நான் விழித்திருக்கும் நேரமெல்லாம் இருட்டுதான். எங்கள் ஊரில் ஒன்பது லட்ச ரூபாயில் யாரோ எடுத்த பேய்ப்படம் ஒன்றைச் செல்வியின் கைபேசியில் பார்த்துவிட்டு, அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கொட்டகையில் படம் ஓட்டிய ஆபரேட்டருக்கு அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது என்பதற்காக இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தேன்.

படத்தின் பெயர் 'ஸ்கினமரிங்க்'. கைல் எட்வர்ட் பால் என்னும் இவ்வூர்க்காரர் தாம் வளர்ந்த வீட்டையே களமாக்கி, 15,000 கனடா டாலரில் எடுத்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி இணையத்தில் பலரிடம் திரட்டியதாம். 2022-இல் திரைப்பட விழாக்களில் காட்டியபோது இணையக் காட்சி ஒன்றிலிருந்து திருட்டுப் பிரதி வெளியேறி, டிக்டாக்கில் பரவி, 2023 ஜனவரியில் திரைக்கு வரும் முன்பே பேர் வாங்கிக் கொடுத்துவிட்டது. வசூல் இருபது லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். திருட்டுப் பிரதியால் பிழைத்த படத்தைத் தாங்கள் கொட்டகையில் இருந்த காலத்தில் கண்டிருக்க மாட்டீர்கள்.

கதை ஒரு கைப்பிடிதான். 1995-ஆம் ஆண்டு, நாலு வயதுப் பையனும் அவனுடைய ஆறு வயது அக்காளும் நடுராத்திரியில் விழித்துப் பார்த்தால் அப்பாவைக் காணோம், கதவுகளைக் காணோம், ஜன்னல்களையும் காணோம். தலையணையைத் தூக்கிக்கொண்டு பட்டாசலுக்கு வந்து, டிவியில் பழைய கார்ட்டூன் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். கார்ட்டூன்கள் 1930-களைச் சேர்ந்தவை. உரிமை காலாவதியானவை என்பதால் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்தச் சிக்கனமே படத்துக்கு அழகாகவும் அமைந்துவிட்டது. அறைக்கு அநேகமாக வேறு வெளிச்சமே கிடையாது.

தங்களுக்குக் கோபம் வரக்கூடிய செய்தி ஒன்று உண்டு. தேய்ந்த பிரிண்டில் கோடுகள் ஓடினால் 'மழை பெய்கிறது' என்று ஜனங்கள் கூச்சலிடுவார்கள் என்றுதானே தாங்கள் ரீலைத் துடைத்துத் துடைத்து வைப்பீர்கள்? இவர் டிஜிட்டல் கேமராவில் எடுத்துவிட்டு, பிறகு கணினியில் பழைய ஃபிலிமின் துகளையும் இரைச்சலையும் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார். புரொஜெக்டர் விளக்கின் கார்பன் குச்சி தேய்ந்து திரை மங்கும்போது விசில் பறக்குமே, அந்த மங்கலிலேயே முழுப்படமும் ஓடுகிறது. ஆனால் இருட்டுக்குள் துகள்கள் ஊர்ந்துகொண்டே இருப்பதால், கண் தானாகவே அதற்குள் உருவம் தேடத் தொடங்குகிறது. பேயை நாமே வரைந்துகொள்கிறோம், அவருக்கு அந்தச் செலவும் மிச்சம்.

உண்மையிலேயே என்னை உலுக்கியது ஒரே ஒரு காட்சி. இருட்டிலிருந்து வரும் குரல் அந்தப் பெண்குழந்தையை மாடிக்குக் கூப்பிடுகிறது. கட்டிலில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். கட்டிலுக்கு அடியில் பார் என்கிறார். குனிந்து பார்த்தால் ஒன்றுமில்லை. நிமிர்ந்தால் மறுபக்கம் அம்மா, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் இருவர் மீதும் எங்களுக்குப் பிரியம்தான் என்கிறாள். அவள் ஒருதடவையாவது திரும்பிப் பார்த்தால் போதும் என்று நமக்குத் தோன்றுகிறது. அதைத்தான் இயக்குநர் நமக்குத் தருவதில்லை. சிறுவயதில் மச்சில் படுத்துக்கொண்டு நான் இருட்டில் கூப்பிட்டால், 'என்னலே, தூங்கு' என்று ஆச்சியின் குரல் எங்கிருந்தாவது வந்துவிடும். அன்று படம் முடிந்ததும் என்னை அறியாமல் 'ஆச்சி' என்று வாய்விட்டே கூப்பிட்டிருக்கிறேன். மேல்வீட்டில் நடைச்சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. தொண்டை கட்டியிருந்தது, குரல் வருகிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நூறு நிமிடம் என்பது இந்தக் கதைக்குத் தாங்காது. இதற்கு முன் 2020-இல் இதே மாதிரி அவர் எடுத்த குறும்படம் அரைமணிக்குள் முடிந்துவிடும். அந்த இறுக்கம் இதில் இல்லை. விட்டத்து மூலை, கம்பளத் தரை, படிக்கட்டுக் கம்பி, சிதறிய விளையாட்டுச் சாமான் என்று திரும்பத் திரும்ப வருகின்றன; முகங்களை அநேகமாகக் காட்டுவதே இல்லை என்பதால், பிள்ளைகளுக்காகப் பயந்த மனம் பாதிக்கு மேல் களைத்துவிடுகிறது. அமைதியை நம்பி எடுத்தவர், இடையிடையே திடீரென்று வீறிடும் சத்தத்தைப் போட்டுத் தூக்கிவாரிப்போடச் செய்வது மட்டமான வேலை. சொந்த வீடு என்பதால் ஒரு மூலையையும் வெட்டி எறிய அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். படத்தொகுப்பையும் அவரே செய்திருக்கிறார். கத்தரியை வேறொருவர் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

மேல்வீட்டு உக்ரேனியப் பாட்டி இரண்டாம் தடவை என்னோடு உட்கார்ந்து பார்த்தார். கொழுக்கட்டை மாதிரி, உள்ளே உருளைக்கிழங்கு வைத்து அவித்த பண்டம் ஒன்றைக் கிண்ணம் நிறையக் கொண்டுவந்திருந்தார். பத்தாவது நிமிடத்தில், 'ராத்திரி முழுக்க டிவி ஓடுகிறதே, கரண்டு பில்லை யார் கட்டுவது?' என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். நான் சூடேற்றியைக் குறைத்தே வைத்திருப்பது அவருக்குத் தெரியும். கம்பளி நன்றாக இருப்பதால் எனக்குத் தேவைப்படுவதில்லை.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டை விற்க அத்தை கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் குறுக்கே நிற்கவில்லை. பவர் பத்திரத்தின் வாசகத்தை எழுதுபவரிடம் வாங்கி அனுப்புங்கள். இங்கே தூதரகச் சான்றொப்பம் பெற்று அனுப்புகிறேன். எனக்கு அவசரமில்லை, ஆனாலும் முன்பணம் எந்த மாதம் தருவதாகச் சொல்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள். இந்த மாதம் சித்திக்குப் பணம் வராதது வங்கிக் கணக்கை மாற்றிக்கொண்டிருப்பதால்தான்.

சாமான்களை ஒழிக்கும் முன் செல்வியை வீட்டைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்: தார்சா, பட்டாசல், மச்சுப்படி, அடுக்களை எல்லாமே. வெறும் சுவரையும் விட்டத்தையும் எடுக்க வேண்டாம். தாங்களும் சித்தியும் அத்தையும் நிற்க வேண்டும், முகம் தெரிய வேண்டும். மச்சில் இருக்கும் தங்கள் பழைய ரீல் பெட்டியை மட்டும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். செல்வி வீட்டில் கொண்டுபோய் வையுங்கள்.

தங்கள்,
கணேசன்