கோத்தகிரியும் தங்கள் கோட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில், ‘மலைமேல் கோட்டை இருந்ததால் கோட்டகிரி, அதுவே மருவி கோத்தகிரி’ என்று ஒரே வரியில் எங்கள் ஊரின் கணக்கை முடித்துவிட்டீர்கள். எந்த மன்னன் கட்டினான், எந்த மேட்டில் கட்டினான் என்பதையும் எழுதியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வந்திருப்போம்.

கோத்தகிரி என்பது கோத்தர் கேரி. கோத்தர் நீலகிரியின் பழங்குடியினர். கேரி என்றால் தெரு. கோத்தர் ஊர்களில் கீழ்க்கேரி, நடுக்கேரி, மேல்கேரி என்று மூன்று தெருக்கள் இருப்பதும், ஒரே கேரிக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை என்பதும் தாங்கள் அறியாததல்ல. கொல்லர் வேலை, தச்சு, மண்பாண்டம், இசை எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. சுற்றியிருந்த, உழவர்களான படகர்களின் ஊர்களுக்கு அரிவாளும் மண்வெட்டியும் அந்தத் தெருவிலிருந்துதான் போயின. 1908-இல் வெளியான, பிரான்சிஸ் எழுதிய மாவட்ட விவர நூலான நீலகிரி கெசட்டியரும் இந்த விளக்கத்தைத்தான் தருகிறது. அந்த வட்டாரத்தில் கோட்டை இருந்ததா என்பது வேறு வழக்கு. கோட்டையால் பெயர் பெற்ற இடம்தான் வேண்டுமென்றால் குன்னூர்ப் பக்கம் ஹுலிகல் துர்க்கம் இருக்கிறது. கட்டுரையாளரை அங்கே அனுப்பியிருக்கலாம்.

பிழை எங்கே பிறந்தது என்பதும் தெரிகிறது. ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்தால் தகரமா டகரமா என்று தெரியாது, இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். கட்டுரையாளர் ஆங்கிலப் பலகையைத் தமிழில் வாசித்திருக்கிறார். பேருந்தின் நெற்றியில் தமிழிலும் எழுதியிருக்குமே, அதில் ‘த்த’ தெளிவாக இருக்குமே! கேரி கிரியானது இன்னொரு விபத்து. மலையில் இருக்கிற ஊர் என்பதால் வடமொழி ‘கிரி’யே பொருத்தம் என்று எழுதுகிறவர்களுக்குத் தோன்றிவிட்டது.

இது முதல் முறையும் அல்ல. உதகமண்டலம் பற்றிய பழைய கட்டுரையில், ‘உதகம் என்றால் நீர், ஏரி இருப்பதால் இந்தப் பெயர்’ என்று எழுதினீர்கள். அந்த ஏரியை வெட்டுவித்தவர் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன்; வேலை தொடங்கியது 1823-இல். ஊர்ப் பெயரோ 1821 மார்ச்சிலேயே ‘வோடோகைமண்ட்’ என்று மெட்ராஸ் கெசட்டில் அச்சாகிவிட்டது. அதுவும் எப்படி? பெயர் தெரியாத ஒருவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில்! கடிதங்களைப் படிக்கும் பழக்கம் பத்திரிகைகளுக்கு அப்போதாவது இருந்திருக்கிறது. ‘மண்ட்’ என்பது இந்த மலையின் இன்னொரு பழங்குடியினரான தோடர்களின் மந்து, அவர்கள் குடியிருப்பு. அதை மண்டலமாக்கியது பிற்காலக் காகிதம்.

கொல்லிமலைக் கதையை மறக்க முடியவில்லை. நீலகிரியிலுள்ள ஏழு கோத்தர் ஊர்களில் ஒன்றின் பெயர் கொல்லிமலை. தாங்கள் அந்த ஊர் பற்றிய செய்திக்கு நாமக்கல் கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுப் படத்தைப் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். பதில் இல்லை. இப்போது கோத்தகிரியை ‘1819-இல் சல்லிவன் கண்டுபிடித்த ஊர்’ என்று வேறு சேர்த்திருக்கிறீர்கள். சல்லிவனுக்கு முன்பே, 1812-இல், நில அளவையாளர் வில்லியம் கீஸ் இந்த மலைக்கு வந்து அறிக்கை கொடுத்தார். 1603-இல் பெனிசியோ பாதிரியார் ஏறி வந்து தோடர்களையும் படகர்களையும் பார்த்து எழுதி வைத்தார். 1117-ஆம் ஆண்டுச் சாம்ராஜ்நகர்க் கல்வெட்டு, ஹொய்சளத் தளபதி புணிசன் தோடர்களை அச்சுறுத்தியதைச் சொல்கிறது. அச்சுறுத்துவதற்கு ஆள் இருந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

மலை ஊரின் பெயரைச் சரிபார்ப்பது பெரிய வித்தை அல்ல. முதலில் கிராம நிர்வாக அலுவலகத்தில் வருவாய்க் கிராமத்தின் பெயரையும் அதில் அடங்கிய ஊர்களின் பெயர்களையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல ஹட்டிகள், அதாவது படகர் ஊர்கள், இருக்கும். ஒன்றின் கதையை இன்னொன்றின் தலையில் கட்டுவது இங்கேதான் நடக்கிறது. அடுத்து பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல். 1880-இல் வந்த கிரிக் தொகுத்த மாவட்டக் கையேட்டையும் 1908 கெசட்டியரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடையில் எது மாறியது என்று தெரியும். மூன்றாவதுதான் முக்கியம்: அந்த ஊர் மொழி பேசும் முதியவர் வாயால் பெயரைக் கேட்பது. ‘ஏன் இந்தப் பெயர்’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் நல்ல மனிதர், தங்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று ஒரு கதை சொல்வார். ‘அங்கே போகிறேன்’ என்று அவர் மொழியில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டால் போதும், பேச்சில் பெயர் தானாக விழும்.

கடைசியில் பெயரின் வாலைப் பார்க்க வேண்டும். படகர் ஊருக்கு ஹட்டி, தோடருக்கு மந்து, கோத்தருக்குக் கோக்கால், கூடலூர்ப் பக்கம் பணியருக்குப் பாடி. தமிழில் எழுதும்போது ஹகரம் உதிர்ந்துவிடுகிறது, அல்லது பகரமாகிவிடுகிறது. திம்ஹட்டி திம்பட்டியானது அப்படித்தான். அதிகரட்டியின் வாலிலும் ஹட்டிதான் ஒளிந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் ‘அதிகம்’ என்ற சொல்லிலிருந்து யாராவது விளக்கம் எழுதும் முன் தங்கள் அலுவலகத்தில் இந்தப் பத்தியை ஒட்டி வைத்தால் நல்லது.

நான் கேட்பது இவ்வளவுதான். கோட்டை வரிக்கு ஒரு திருத்தம், இரண்டு வரி போதும்; ராசிபலனுக்கு அடியில் போடாமல் அதே பயணப் பக்கத்தில் போடுங்கள். கூடவே வரைபடத்தில் ‘கண்ணீர்முக்கு’ என்று அச்சாகியிருப்பதைக் ‘கன்னேரிமுக்கு’ என்று மாற்றுங்கள். சல்லிவனின் பெத்தக்கல் பங்களா இருக்கும் ஊர் அது. தங்கள் வரைபடத்தை நம்பிக் கிளம்புகிறவர் வழி கேட்கும்போது சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

இங்ஙனம்,
நெடுநாள் சந்தாதாரர்,
கோத்தகிரி.